இருபடிச் சமன்பாடு: நான்கு எப்படி இரண்டானது?

இருபடிச் சமன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் பெயர் குவாட்ராடிக். 'குவாட்' என்றால் நான்கு ஆயிற்றே, இந்தச் சமன்பாட்டில் நான்கு எங்கே இருக்கிறது என்று வகுப்பில் கேட்கும் மாணவருக்குப் பெரும்பாலும் சரியான பதில் கிடைப்பதில்லை. பதில் வடிவியலில் இருக்கிறது. 'குவாட்ராட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குச் சதுரம் என்று பொருள். நான்கு பக்கம் உள்ளதால் அந்தப் பெயர். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது சதுரத்தின் பரப்பு. அந்தப் பரப்பு இடம்பெறும் சமன்பாட்டுக்குச் சதுரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 16 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தைச் சுற்றி ஒரே அகலத்தில் நடைபாதை. பாதையும் தோட்டமும் சேர்ந்து 320 சதுர மீட்டர். பாதையின் அகலம் 'அ' என்றால், (16 + 2அ)(12 + 2அ) = 320. சுருக்கினால் அ² + 14அ = 32.

இனி சூத்திரம் வேண்டாம், படம் போதும். பக்கம் 'அ' உள்ள ஒரு சதுரம் வரையுங்கள். 14அ என்ற பரப்பை இரண்டாகப் பிரித்து, 7 அகலமுள்ள பட்டைகளாக அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டுங்கள். மூலையில் 7-க்கு 7 இடம் காலியாக நிற்கும். அந்த 49-ஐச் சேர்த்தால் 32 + 49 = 81; முழுச் சதுரத்தின் பக்கம் 9. ஆகவே அ = 2. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி இப்படித்தான் படம் போட்டு விடை கண்டார். பாடநூலில் வரும் 'வர்க்கப்பூர்த்தி' இந்த மூலையை நிரப்பும் வேலைதான். சமன்பாடு −16 என்ற இன்னொரு விடையும் தரும். நடைபாதையின் அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அதைத் தள்ளிவிடுகிறோம்.

தமிழில் 'இருபடி' என்பதில் வரும் படி, அடுக்கின் அளவைச் சொல்கிறது. இருபடி, முப்படி, நாற்படி என்று வரிசை குழப்பமில்லாமல் போகும். ஆங்கிலத்திலோ நாற்படிக்கு வைத்த குவார்ட்டிக் என்ற பெயரும் நான்கிலிருந்தே பிறந்தது. இரண்டையும் மாற்றிச் சொல்லாதவர் குறைவு. என் கணக்கில் தமிழ்ச்சொல்லே தெளிவானது. ஆனால் அதில் சதுரம் மறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சதுரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது வடமொழியிலிருந்து வந்த 'வர்க்கம்'. நான்கு பக்கமும் சமமான உருவமும் வர்க்கம், இரு சம எண்களின் பெருக்கலும் வர்க்கம் என்று ஆரியபட்டர் ஒரே வரியில் இரண்டு பொருளையும் சொல்லிவிட்டார். அதனால்தான் சமன்பாடு 'இருபடி' ஆன பிறகும் வர்க்கமூலம் வர்க்கமூலமாகவே இருக்கிறது. எழுதும்போது 'இருபடிச் சமன்பாடு' என்று ச் மிகும்.