சம்பளச் சீட்டில் எதை முதலில் பார்ப்பது?

சிங்கப்பூரில் சில குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேரும் உதவி ஆசிரியைகள் பெரும்பாலும் கேட்பது, “எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?” என்றுதான். அதோடு நிறுத்தாமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

ஒரு நிலையம் 2,500 வெள்ளியையும் அடிப்படைச் சம்பளமாகவே தருகிறது. இன்னொன்று 1,900 அடிப்படை, போக்குவரத்துக்கு 400, சாப்பாட்டுக்கு 200 என்று பிரிக்கிறது. மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியும் (சிபிஎஃப்) இந்தப் படிகளைச் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. ஆனால் ஓவர்டைம் அடிப்படைச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு. வாரம் 44 மணி நேரம் என்று போட்டால், முதல் இடத்தில் மணிக்கு 19.67 வெள்ளி, இரண்டாவதில் 14.95. பொது விடுமுறை நாளில் வேலைக்கு வந்தால் தரும் கூடுதல் நாள் சம்பளத்துக்கும் அடிப்படைதான் கணக்கு. எடுக்காத விடுப்பைப் பணமாக்கும்போதும் சாப்பாட்டுப் படியும் போக்குவரத்துப் படியும் சேராது. எம்சி (மருத்துவச் சான்றிதழோடு எடுக்கும் நோய் விடுப்பு) நாள்களுக்கும் அப்படித்தான். கை, கால், வாய்ப் புண் நோய் பரவும் மாதங்களில் இதன் அருமை தெரியும். (ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு எம்சி உண்டு.)

சம்பள உயர்விலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இத்தகைய வேலையில் சட்டப்படி ஓவர்டைம் கேட்கும் உரிமை, அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி வரைதான். 2,650 ஆக்கித் தருகிறார்கள் என்றால் சந்தோஷம், ஆனால் ஓவர்டைம் தொடருமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். மாலையில் அடிக்கடி தங்க நேர்பவருக்கு அந்த உயர்வு நஷ்டமாகவும் முடியலாம்.

மாலை என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழு மணிக்கு மேல் பிள்ளையை அழைத்துப் போக வரும் பெற்றோரிடம் பல நிலையங்கள் தாமதக் கட்டணம் வாங்குகின்றன. அது நிலையத்தின் கணக்குக்குப் போகிறது. பிள்ளையோடு உட்கார்ந்திருந்த ஆசிரியையின் அரை மணி நேரம் பல சமயம் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. சின்ன விஷயம், விடுங்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருந்ததும் வேலைதான். பிள்ளைகள் மதியம் தூங்கும்போது பார்த்துக்கொண்டே அறிக்கை எழுதுவதும் வேலைதான், அதை ஓய்வு நேரமாகக் கழிக்கக் கூடாது.

அப்புறம், ஆண்டிறுதிக்குக் கொடுக்கும் 13வது மாதச் சம்பளம் சட்டத்தில் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கேட்க முடியும்.

2016 ஏப்ரல் முதல் சம்பளச் சீட்டில் அடிப்படை, படிகள், பிடித்தம், ஓவர்டைம் நேரம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே தொகையாகப் போட்டுக் கொடுத்தால் பிரித்துக் கேளுங்கள். தங்கிய நேரத்தை அன்றன்றே கைப்பேசியில் குறித்து வையுங்கள். பேசிச் சரிவராவிட்டால், சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் முத்தரப்பு அமைப்பான ‘டாடம்’ இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே போனால், கடந்த ஓர் ஆண்டுப் பாக்கியைக் கேட்கலாம். வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.