பார்க்காத கடலுக்குக் காந்தமானி சொன்ன சாட்சி

"யூரோப்பாவின் படங்களில் எங்கு பார்த்தாலும் பனிக்கட்டிதான் தெரிகிறது. அதை யாரும் துளைத்துப் பார்த்ததும் இல்லை. பிறகு எதை வைத்து அடியில் கடல் இருக்கிறது என்கிறீர்கள்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி. பதில், இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலைகளில் ஒன்று.

முதலில் அடிப்படை. யூரோப்பா, வியாழனைச் சுற்றும் நிலவு. நம் நிலவைவிடச் சற்றே சிறியது. அதன் நடுக்கோட்டிலேயே குளிர் மைனஸ் 160 டிகிரி செல்சியஸ். அங்கே நீர் உறையாமல் இருக்கக் காரணம் வியாழனின் ஈர்ப்பு. 3.55 நாளுக்கு ஒரு முறை சுற்றும் யூரோப்பாவின் பாதை முழு வட்டம் அல்ல. அண்டை நிலவுகளான அயோவும் கனிமீடும் அதை வட்டமாக விடுவதில்லை. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வியாழன் அதைச் சற்று இழுத்து, சற்றுத் தளர்த்துகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அதே கதைதான். இந்தப் பிசைதலால் அயோவின் உட்புறம் உருகியிருக்கும் என்று 1979 மார்ச்சில் ஓர் ஆய்வுக்கட்டுரை கணித்தது. அது வெளியான சில நாள்களிலேயே வாயேஜர் 1 அனுப்பிய படத்தில் அயோவின் எரிமலை புகைந்தது.

சரி, வெப்பம் இருக்கலாம். கடல் இருப்பதற்குச் சாட்சி?

நிமிர்த்திப் பிடித்த செம்புக் குழாய்க்குள் வலுவான சிறு காந்தம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் அது தடாலென்று விழாது. எண்ணெய்க்குள் மூழ்குவதுபோல மெதுவாக இறங்கும். முதல் தடவை செய்தபோது காந்தம் நடுவில் சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால், நிதானமாக இறங்கிக்கொண்டிருக்கிறது! நகரும் காந்தத்தால் செம்பைச் சுற்றியுள்ள காந்தப்புலம் மாறுகிறது. மாறும் புலம் செம்புக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, வந்த மாற்றத்தை எதிர்க்கிறது. பள்ளியில் படித்த ஃபாரடே, லென்ஸ் விதிகள்தான்.

இப்போது குழாயின் இடத்தில் யூரோப்பாவை வையுங்கள். வியாழனின் காந்த அச்சு, அதன் சுழல் அச்சிலிருந்து சுமார் 10 டிகிரி சாய்ந்திருக்கிறது. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு முறை சுழன்றுவிடும். சாய்ந்த காந்தம் சுழலும்போது தள்ளாடுகிறது. அதனால் யூரோப்பா இருக்கும் இடத்தில் காந்தப்புலம் ஏறத்தாழ 11 மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறி மாறி வீசுகிறது. யூரோப்பாவுக்குள் மின்சாரம் கடத்தும் பொருள் ஏதாவது இருந்தால் அது சும்மா இருக்க முடியாது. எதிர்ப்புலம் எழுப்பியே ஆக வேண்டும்.

1995இல் வியாழனை அடைந்த கலிலியோ விண்கலத்தில் காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காந்தமானி, அப்படி ஒரு புலத்தை யூரோப்பாவின் அருகில் கண்டது. ஆனால் அந்தக் குழுவின் தலைவர் மார்கரெட் கிவெல்சனுக்கு ஒரு சந்தேகம் தீர வேண்டியிருந்தது. யூரோப்பாவே இரும்பு மையம் கொண்ட ஒரு நிலையான காந்தமாக இருந்தால்? நிலையான காந்தம் என்றால் திசை மாறாது. ஆகவே 2000 ஜனவரியில், வியாழனின் புலம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில் விண்கலம் யூரோப்பாவை நெருங்கியது. யூரோப்பாவின் புலமும் திரும்பியிருந்தது!

பனிக்கட்டியும் பாறையும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. உலோக மையமோ வெகு ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் எதிர்ப்புலம் மேலே வருவதற்குள் தேய்ந்துவிடும். மேற்பரப்புக்கு அருகிலேயே நிலவு முழுவதும் பரவிய கடத்தி வேண்டும். உப்புநீர்க் கடல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. பூமியின் கடல்களைப் போல இரண்டு மடங்கு நீர் அங்கே இருக்கலாம் என்பது கணிப்பு.

சனியின் நிலவான என்செலடஸில் இந்த உத்தி செல்லாது. சனியின் காந்த அச்சு ஏறத்தாழ சுழல் அச்சின் மேலேயே படிந்திருப்பதால் தள்ளாட்டம் இல்லை. இருந்தும் அங்கேயும் முதல் துப்புக் கொடுத்தது காந்தமானிதான். 2005இல் காசினி விண்கலம் கடந்துபோனபோது, சனியின் புலம் இந்தச் சிறு நிலவைச் சுற்றி வளைவதை மிஷேல் டோஹெர்ட்டியின் காந்தமானிக் குழு கவனித்து, இன்னும் நெருங்கிப் போகச் சொன்னது. போனால், தென்துருவப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீச்சியடித்துக்கொண்டிருந்தன. துளைக்கவே வேண்டாம், கடல் தானாக வெளியே வருகிறது. காசினி அதற்குள் பாய்ந்து சுவைத்ததில் உப்பு, கரிமச் சேர்மங்கள், ஹைட்ரஜன் எல்லாம் கிடைத்தன. 2023இல் பழைய தரவுகளிலிருந்து பாஸ்பேட்டும் வெளிப்பட்டது.

இதில் ஹைட்ரஜன்தான் முக்கியம். சுடுநீரும் பாறையும் வினைபுரிந்தால் ஹைட்ரஜன் உண்டாகும். பூமியில் அதைக் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்து மீத்தேனாக்கி, சூரிய ஒளியே இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆனால் 'வேற்று நிலவில் உயிர்' என்று தலைப்புப் போட அவசரப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. அவ்வளவு ஹைட்ரஜன் மிச்சமிருக்கிறதென்றால், தின்ன ஆளே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம்.

2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம், 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அதற்கென வடிவமைத்த காந்தமானியை, செலவு கூடுகிறது என்று 2019இல் நாசா கைவிட்டு எளிமையான ஒன்றை வைத்தது. கடலைக் கண்டுபிடித்துக் கொடுத்த கருவியிலேயே கை வைத்தது தவறு என்பதே என் கருத்து. நல்லவேளை, வேலை முழுதும் நின்றுவிடவில்லை. கலத்தின் சொந்தக் காந்த இரைச்சல் எட்டாதபடி 8.5 மீட்டர் நீளக் கையில் உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. 11 மணி நேரத் தள்ளாட்டத்தோடு, யூரோப்பாவின் 85 மணி நேரச் சுற்றுக்கேற்ற மெதுவான மாற்றத்தையும் அவை அளக்கும். மெதுவான மாற்றம் நீருக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டால், கடல் எவ்வளவு ஆழம், எவ்வளவு உப்பு என்பதைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கலாம்.