சாதர்: ஓடும் ஆறு எப்படி உறைகிறது, எங்கே உடைகிறது

லடாக்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் உறைந்த ஜன்ஸ்கர் ஆற்றின் மேல் நடந்து போகும் வழிக்குச் சாதர் என்று பெயர். சாதர் என்றால் விரிப்பு. கணவாய்களைப் பனி மூடிவிடும் காலத்தில் ஜன்ஸ்கர்வாசிகள் வெண்ணெய்ச் சுமையோடு லே நகருக்கு வந்துபோன பாதை இது. மலையேற்றக்காரர்கள் வந்ததெல்லாம் பின்னால்தான்.

குளம் உறைவதும் ஆறு உறைவதும் ஒன்றல்ல. குளத்தில் 4 டிகிரி நீர் கனத்து அடியில் தங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறையும். ஜன்ஸ்கர் போல வேகமாக ஓடும் ஆற்றில் நீர் அடியோடு கலந்துகொண்டே இருப்பதால் அந்த அடுக்கு நிலைக்காது. மொத்த ஆறும் சேர்ந்து 0 டிகிரிக்கு இறங்கி, அதற்கும் கீழே டிகிரியின் நூறில் சில பங்கு போகும். அப்போது நீருக்குள்ளேயே ஊசியும் செதிலுமாகப் பனித்துகள்கள் பிறக்கும். இதற்கு ஃபிரேசில் என்று பெயர். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மிதந்து, உரசி உரசி விளிம்பு தூக்கிய தாம்பாளம் போல வட்டத் தட்டுகளாகும். இதற்கிடையே கரையோரத்தில், நீரோட்டம் மெதுவான இடத்தில், தகடு உறைந்து நடுவாற்றை நோக்கி நீளும். மிதந்து வரும் தட்டுகள் ஒரு குறுகலில் சிக்கி, அந்தத் தகடுகளோடு இறுகிவிட்டால் பாதை தயார்.

அதன்பின் பனி கீழ்நோக்கித் தடிக்கும். தடிக்கத் தடிக்க அதுவே கம்பளியாகிவிடுவதால் வேகம் குறையும். தோராயக் கணக்கு ஒன்று உண்டு: தினசரிச் சராசரி உறைநிலைக்கு எத்தனை டிகிரி கீழே இருந்தது என்பதை நாள்தோறும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, ஓடும் ஆற்றுக்குச் சுமார் 1.5-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டரில் தடிமன் கிடைக்கும். மைனஸ் 15 டிகிரியில் நான்கு நாள் என்றால் 60. தடிமன் 11 அல்லது 12 செ.மீ. அதை இரட்டிப்பாக்க இன்னும் நான்கு நாள் போதாது, பன்னிரண்டு நாள் வேண்டும். ஒருவர் நடக்கத் தெளிந்த, கண்ணாடி போன்ற பனி 10 செ.மீ. இருந்தால் போதும் என்பது பொது விதி. பால்போல வெளுத்த பனியில் காற்றுக்குமிழிகள் அதிகம், பலம் ஏறக்குறைய பாதி. அங்கே 20 செ.மீ. வேண்டும்.

பனி பெய்தால் நல்லது என்றுதான் புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். விரல் கனத்துக்குத் தூவினால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும், உண்மைதான். முழங்கால் அளவு கொட்டினால் அது போர்வையாகி, அடியில் பனி வளர்வது நின்றுபோகும். மேகமும் பகைதான். தெளிந்த இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குத் தப்பிப்போகும். மேகம் கவிந்தால் திரும்பி வரும். இரண்டு இரவு மேகமூட்டம் போதும், தகடு ஆங்காங்கே வெட்டுப்படும்.

உடைந்த துண்டுகள் அடுத்த வளைவில் அணைபோல அடைத்துக்கொள்ளும். பின்னால் நீர்மட்டம் உயர்ந்து, பனியின் மேலேயே கணுக்கால் அல்லது முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். ரப்பர் கம்பூட் போடுவது இதற்காகத்தான். இரண்டு சோடி காலுறை தாராளமாகப் புகும்படி ஓர் அளவு பெரிதாக வாங்க வேண்டும். இறுக்கினால் ரத்தவோட்டம் குறைந்து விரல் உறையும். அடைப்பு உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். நீர் சட்டென்று இறங்கிவிட, தகடு மட்டும் அடியில் தாங்கல் இல்லாமல் தொங்கும். முன்னே போகும் வழிகாட்டி கோலால் தட்டிக்கொண்டே போவது இதைக் கண்டுபிடிக்கத்தான்: அடியில் நீர் தாங்கினால் மந்தமான ஒலி, வெற்றிடம் என்றால் பானையைத் தட்டியது போல. ஊற்று கலக்கும் இடங்களிலும் சந்தேகம் வேண்டும். நிலத்தடி நீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருப்பதால் அங்கே தகடு எப்போதும் மெல்லிசு.

நடக்கும்போது பாதத்தைத் தூக்காமல் இழுத்து, உடல் எடை முன்காலுக்கு நேர்மேலே விழும்படி வைக்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் சறுக்கும். பனி இல்லாத இடத்தில் கரைப்பாறை மேல் ஏறித்தான் சுற்ற வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால் கூடாரம் போட்டுக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

உயரம் தனிப் பிரச்சினை. லே 3,500 மீட்டர். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆற்றுப் பள்ளத்தாக்கு அதைவிடச் சற்றுத் தாழ்வுதான் என்றாலும், விமானத்தில் வந்து இறங்கியதும் லேயில் மூன்று நாள் தங்காமல் கிளம்பக் கூடாது.

காத்திருக்க நேரும் என்பதால் இரண்டு நாள் உணவும் எரிபொருளும் கூடுதலாகக் கொண்டுபோவார்கள். எரிபொருள் மண்ணெண்ணெய்தான். சிறிய கேஸ் உருளையில் இருக்கும் பியூட்டேன், கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதித்து ஆவியாகாது. மைனஸ் 20 டிகிரியில் அந்த உருளையைக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்பும், அடுப்பு மட்டும் எரியாது.