புகைபோக்கி துடைப்பவரைத் தொட்டால் அதிர்ஷ்டமா?

போலந்திலும் ஹங்கேரியிலும் புகைபோக்கி துடைப்பவர் தெருவில் எதிர்ப்பட்டால், தங்கள் சட்டைப் பொத்தானைச் சட்டென்று பிடித்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. ஜெர்மனியில் அவருடைய கறுப்புச் சட்டையின் பொன்னிறப் பொத்தானையே தேய்த்துவிடுவார்கள். கையில் கொஞ்சம் கரி ஒட்டிக்கொண்டால் இன்னும் விசேஷம். புத்தாண்டுக்கு அங்கே கொடுக்கும் சின்னப் பரிசுகளில், மார்சிப்பான் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றிக்குட்டியோடு ஏணி சுமந்த புகைபோக்கிக்காரர் பொம்மையும் இருக்கும். குதிரை லாடம், நாலிலைச் செடி போன்ற மற்ற அதிர்ஷ்டச் சின்னங்களுக்கு இல்லாத ஒரு தகுதி இவருக்கு உண்டு: இவர் வந்துபோன வீட்டில் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்மையிலேயே குறைகிறது.

புகைபோக்கி வேலை செய்வது எடை வித்தியாசத்தால். வெளியே 0 டிகிரி செல்சியஸ், உள்ளே 150 டிகிரி என்றால், உள்ளிருக்கும் ஒரு கன மீட்டர் காற்று வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 460 கிராம் எடை குறைவு. 8 மீட்டர் உயரக் குழாயில் இது சுமார் 36 பாஸ்கல் அழுத்தத்தைத் தரும். தண்ணீர் மட்டத்தில் சொன்னால் 4 மில்லிமீட்டர்கூட இல்லை! புகை முழுவதையும் வெளியே இழுப்பது இவ்வளவு சிறிய விசைதான் என்பதால், சிறிய அடைப்பும் பெரிய தொல்லையாகிவிடும். 15 செ.மீ. விட்டமுள்ள குழாயின் சுவரில் ஒரு செ.மீ. கரி படிந்தாலே வழியின் பரப்பில் கால் பங்கு போய்விடும். மீதிப் புகை அறைக்குள்தான் திரும்பும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும் சேர்த்துக்கொண்டு.

ஆனால் பெரிய ஆபத்து அடைப்பு அல்ல, படிவதே எரிபொருளாக இருப்பது. விறகு அரைகுறையாக எரியும்போது தார் ஆவி கிளம்புகிறது. குழாயின் சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருந்தால், குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறத்தில் வியர்ப்பதுபோல அந்த ஆவி சுவரில் படியும். இதுதான் கிரியோசோட். முதலில் துடைத்தால் உதிரும் தூள், பிறகு பொருக்கு, கடைசியில் தூரிகைக்கு அசையாத கண்ணாடிபோன்ற கறுப்புப் பூச்சு. ஈர விறகுதான் முதல் குற்றவாளி. பச்சை மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். அதை ஆவியாக்குவதிலேயே சூடு செலவாகிவிடுகிறது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை, ஓராண்டோ இரண்டாண்டோ, காயவைக்க வேண்டும். இரவு முழுக்கத் தணல் தாங்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை மூடிவைப்பது இரண்டாவது தவறு.

இந்தப் படிவு பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1000 டிகிரியைத் தாண்டும், உறுமல் சத்தம் கேட்கும், செங்கல் விரிசல் விடும், பக்கத்து மர உத்தரம் பற்றும். அப்போது மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதைப்போன்ற முட்டாள்தனம் வேறில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1700 லிட்டர் நீராவியாகிப் புகைபோக்கியையே வெடிக்க வைத்துவிடும். அடுப்பின் காற்றுத் துவாரத்தை மூடிவிட்டுத் தீயணைப்புப் படையை அழைப்பதே சரி.

படிவு 3 மில்லிமீட்டரை எட்டினாலே துடைத்துவிட வேண்டும். முதலில் அடுப்பின் கதவை இறுக மூடுவார்கள், இல்லாவிட்டால் கூடம் முழுக்கக் கரிதான். கூரையிலிருந்து, கனமான இரும்புக் குண்டு கட்டிய கயிற்றில் நட்சத்திர வடிவத் தூரிகையை இறக்கி ஏற்றுவார்கள். உதிர்ந்த கரியை அடியிலுள்ள சிறு கதவு வழியாக அள்ளுவார்கள். செங்கல் குழாய்க்கு எஃகுத் தூரிகை பொருந்தும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயில் அது கீறல் போடும் என்பதால் பிளாஸ்டிக். கீழிருந்து மரையுள்ள கழிகளை மாட்டித் துடைப்பவர்கள் வலப்புறமாக மட்டுமே திருக வேண்டும். இடப்புறம் திருகினால் கழி கழன்று தூரிகை உள்ளேயே தங்கிவிடும்.

மர வீடுகள் நெருங்கிய பழைய ஐரோப்பிய ஊர்களில் ஒரு புகைபோக்கித் தீ தெருவையே எரிக்கப் போதும். இவர் வந்தால் அடுப்பு எரியும், வீடு சூடாகும், ஊர் பிழைக்கும். புத்தாண்டை ஒட்டி ஆண்டுக் கூலி வாங்க வருபவரே முதல் வாழ்த்தையும் சொல்வார் என்பதால்தான் அதிர்ஷ்டம் அந்த நாளோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். இது நம்பக்கூடிய விளக்கம். மிரண்டோடிய குதிரையிடமிருந்து ஓர் அரசரை இவர்களில் ஒருவர் காப்பாற்றினார் என்ற இங்கிலாந்துக் கதை அப்படியல்ல. எந்த அரசர் என்பதிலேயே ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஆனாலும் அங்கே மணப்பெண்ணுக்கு இவர் வாழ்த்துச் சொன்னால் நல்லது என்ற நம்பிக்கை நிலைத்துவிட்டது.

அந்த அதிர்ஷ்டம் தொழிலாளிக்கு வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் குறுகிய குழாய்களுக்குள் சிறுவர்களை ஏற்றினார்கள். அப்படி ஏறி வளர்ந்தவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். தொழிலால் வரும் புற்றுநோயை முதலில் சுட்டியது அதுதான். சிறுவர்களை ஏற்றுவது ஒழிய 1875ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கரியிலுள்ள பென்சோபைரீன் போன்ற சேர்மங்களே குற்றவாளிகள் என்று இப்போது தெரியும். ஆகவே கன்னத்தில் அதிர்ஷ்டக் கரி பூசிக்கொண்டவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

இன்றைய எரிவாயுக் கொதிகலன்களில் கரி அவ்வளவாகப் படிவதில்லை. அதனால் ஜெர்மனியில் இவர் தூரிகையோடு அளக்கும் கருவியும் கொண்டுவருகிறார். புகைக்குழாயில் உணரியைச் செருகி கார்பன் மோனாக்சைடை அளப்பார். 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) தாண்டினால் கொதிகலனைப் பழுதுபார்த்தே ஆக வேண்டும்.