வெள்ளைப்புள்ளிக்கு மருந்து கிடையாது அண்ணே

போன வாரம் திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து ஒரு இறால் பண்ணைக்காரர் விடிவதற்கு முன்பே எங்கள் சோதனைக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் ஐஸ் போட்ட பாலித்தீன் பை, உள்ளே சிவந்துபோன இறால். குஞ்சு விட்டு 63 நாள். கிலோவுக்கு 100 நிற்கும் அளவு.

"நாலு நாளா மருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார், சாவு நிக்க மாட்டேங்குது."

என்ன மருந்து என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளைப் பாக்கெட்டை எடுத்தார். பெயர் இல்லை, கலவை விவரம் இல்லை, தேதி இல்லை. இந்தப் பருவத்தில் என் மேசைக்கு வந்த ஆறாவது பெயரில்லாப் பாக்கெட் அது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் வெள்ளைப்புள்ளி வைரஸ் என்று வந்தது.

1990-களின் நடுவிலேயே நம் நாட்டு டைகர் இறால் பண்ணைகளைக் காலி செய்த நோய் இது. 2009-ல் வன்னாமெய் என்ற வெளிநாட்டு இறால் வகை வந்த பிறகும் போகவில்லை. இத்தனை வருடமாகச் சொல்கிறோம், திரும்பவும் சொல்கிறேன்: ஆன்டிபயாட்டிக் வைரஸைக் கொல்லாது. பாக்டீரியா தனி உயிர். அதற்கென்று செல் உண்டு, சுவர் உண்டு, உள்ளே வேலை நடக்கிறது. மருந்து அந்தச் சுவரை உடைக்கும், அல்லது அந்த வேலையை நிறுத்தும். வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை, அந்த வேலையும் இல்லை. இறாலின் செல்லுக்குள் புகுந்து, இறாலின் பொருளைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. மருந்து எதைப் போய் உடைக்கும்? ஒரு மூட்டை போட்டாலும் இதே கதைதான்.

"பக்கத்துப் பண்ணையில போட்டாங்க, நின்னுருச்சே?" என்று உடனே கேட்பார்கள். அங்கே வந்தது விப்ரியோ பாக்டீரியாவாக இருந்திருக்கலாம். ஓட்டில் வெள்ளைப்புள்ளி தெரிந்தாலே வைரஸ் என்று அர்த்தமில்லை. பாக்டீரியாவாலும் புள்ளி வரும், தண்ணீரில் காரத்தன்மை ஏறினாலும் வரும். வன்னாமெய் பல நேரம் புள்ளியே இல்லாமல் சிவந்து சாகும். கண்ணால் பார்த்து நோயைச் சொல்ல என்னாலேயே முடியாது, மருந்து விற்கிறவரால் எப்படி முடியும்?

அந்த அண்ணனுக்கு நடந்த நிஜமான நஷ்டம் வேறு. வெள்ளைப்புள்ளி மனிதரைத் தொடாது. முதல் நாளே வலை போட்டு இழுத்திருந்தால் 100 கவுண்ட் இறாலுக்கு ஏதோ ஒரு விலை கிடைத்திருக்கும். மருந்து போட்டதால் அதுவும் போயிற்று. குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இறால் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. பெயரில்லாப் பாக்கெட்டில் அவை இல்லை என்று யார் உத்தரவாதம் தருவது? நைட்ரோஃபியூரானின் மிச்சம் சதையோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். ஏற்றுமதிச் சோதனைக் கருவி நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். குளோராம்பெனிகால் ஒரு காலத்தில் டைபாய்டு வந்த பிள்ளைகளைக் காப்பாற்றிய மருந்து. அதைக் குட்டையில் கொட்டிக் கிருமிகளுக்குப் பழக்கப்படுத்துகிறோம்.

உலகம் சாப்பிடும் மீன் இப்போது பண்ணைப் பக்கம் சாய்ந்துவிட்டது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் வளர்த்து எடுத்த மீன், இறால், சிப்பி வகைகள் 9.44 கோடி டன், பிடித்தவை 9.1 கோடி டன். வளர்ப்பு பிடிப்பை முந்தியது அதுவே முதல் முறை. நம் கரையிலேயே, மண்டபத்தில் இருக்கும் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில், 2010-ல் கோபியாவை, அதாவது கடல்விராலை, குஞ்சு பொரிக்க வைத்தார்கள். மறு வருடம் பொம்பானோ என்ற கடல் மீனை. பாக் நீரிணையில் படகு ஓட்டிக் களைத்துப்போன குடும்பங்களின் பிள்ளைகள் கடலில் கூண்டு போட்டு மீன் வளர்க்க ஆசையோடு வந்து என்னிடம் கேட்கிறார்கள். அவர்களிடமும் இந்தப் பாக்கெட் போய்ச் சேர்ந்துவிடுமோ என்பதுதான் என் பயம். குட்டைக்காவது கரை உண்டு. கூண்டில் போட்டது நேரே கடலுக்குப் போகும், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிற கடலுக்கு.

குஞ்சு வாங்கும்போதே பிசிஆர் பாருங்கள். எஸ்.பி.எஃப். குஞ்சு என்றால் குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லாத தாயிடமிருந்து வந்தது என்றுதான் பொருள். பிறகு நோயே வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. ஓடைத் தண்ணீரை நேரே குட்டைக்கு ஏற்றாதீர்கள், தேக்கி வைத்து பிளீச்சிங் பவுடர் போட்டு ஆறவிட்டுப் பாய்ச்சுங்கள். நண்டு ஏறாமல் சுற்றிலும் வலை கட்டுங்கள், நண்டும் இந்த வைரஸைச் சுமக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் சூடும் இறங்கும் நேரத்தில் குட்டை நிறையக் குஞ்சு விட்டுவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

நோய் வந்துவிட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், மதகைத் திறக்காதீர்கள். நீங்கள் வெளியே விடும் தண்ணீரைத்தான் அடுத்த பண்ணைக்காரர் அதே ஓடையிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிறார். குளோரின் போட்டு அடைத்து வையுங்கள், செத்ததைப் பொறுக்கிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், பக்கத்துப் பண்ணைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். சொல்வதில் வெட்கமே வேண்டாம்.

இறால் தின்கிறதா என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் செக் டிரே தட்டில் தீவனம் மிஞ்சினாலோ, கரையோரம் இறால் ஒதுங்கினாலோ அன்றைக்கே வாருங்கள். அழுகிப்போனது வேண்டாம், உயிர் ஊசலாடும் இறால் பத்து, தனிப்பையில், ஐஸில். மருந்துக்கடைக்குப் போகும் முன் இங்கே வாருங்கள். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்திருக்கும்.