கொலையாளி நாயகனின் இரண்டாம் பாகம்: எடிட் டேபிளிலிருந்து சில எச்சரிக்கைகள்

கூலிக் கொலையாளியை நாயகனாக வைத்து எடுத்த படம் ஓடிவிட்டால், அடுத்த பாகத்துக்கான பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். "போன படத்தில் ஐம்பது பேர் செத்தார்கள், இதில் நூறு பேர் சாகட்டும்." படத்தொகுப்பாளராக இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படி எடுத்ததெல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். தயாரிப்பாளரின் பணமும் ஸ்டன்ட் கலைஞர்களின் உடம்பும் இதில் வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பாகத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி இருக்கும்: இந்த ஆள் யார், இவனால் என்னவெல்லாம் முடியும்? இரண்டாம் பாகத்தில் அந்தக் கேள்வி தீர்ந்துபோயிருக்கும். அவன் ஜெயித்துவிடுவான் என்று டிக்கெட் எடுக்கும்போதே எல்லோருக்கும் தெரியும். ஜெயிக்க அவன் எதை இழக்கப்போகிறான் என்பது மட்டும்தான் தெரியாது. இரண்டாம் பாகம் நிற்பதும் விழுவதும் அதைப் பொறுத்துத்தான்.

2014-ல் வந்த 'ஜான் விக்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலைவிட்டு விலகியிருந்த கொலையாளி ஜானுக்கு, இறந்துபோன மனைவி கடைசியாக அனுப்பிவைத்த நாய்க்குட்டியைக் கொன்றுவிடுகிறார்கள், அவன் பழிவாங்குகிறான். படம் முடியும்போது கணக்கும் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் அவன் எதற்காகத் திரும்பி வரவேண்டும்? 2017-ல் வந்த இரண்டாம் பாகம் இன்னொரு நாயைத் தேடிப் போகவில்லை. தொழிலைவிட்டு விலகுவதற்காக முன்பு ஒருவனிடம் உதவி கேட்டு, ரத்தக் கைரேகை வைத்து வாக்குக் கொடுத்திருந்தான் ஜான். முதல் படத்தில் அவன் மறுபடி துப்பாக்கியை எடுத்ததும், அந்த ஆள் பழைய கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறான். மறுத்ததும் வீடு தீக்கிரையாகிறது. கடைசியில், யாரும் யாரையும் கொல்லக் கூடாது என்ற விதி உள்ள ஓட்டலுக்குள்ளேயே, கடன் கேட்டு வந்தவனைச் சுட்டுவிடுகிறான் ஜான். அந்த ஒரு தோட்டாவால் கொலையாளிகளின் உலகமே அவனுக்கு எதிரியாகிறது. 2019-ல் வந்த மூன்றாம் பாகம் அதற்குப் பிறகு சற்று நேரத்திலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு பாகத்தின் பிரச்சினையும் அவன் முன்பு செய்த காரியத்திலிருந்து முளைக்கிறது. மூன்றாவதில் விதிகளும் பட்டங்களும் கொஞ்சம் அதிகமாகிவிட்டன என்பது என் கருத்து. இருந்தாலும் அந்த இழை அறுபடவில்லை.

நினைவிழந்த உளவுத்துறைக் கொலையாளி ஜேசன் போர்னைப் பற்றி 2004-ல் வந்த இரண்டாவது படம் இன்னும் துணிச்சலானது. முதல் படத்தில் அவன் காப்பாற்றிய காதலி, இதில் கோவாவில் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்துபோகிறாள். பெரிய கார் துரத்தல் மாஸ்கோவில் நடக்கிறது. வேறு யாராக இருந்தாலும் படத்தை அதோடு முடித்திருப்பார்கள். போர்ன் காயத்தோடு நொண்டிக்கொண்டு ஓர் இளம்பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். உன் அம்மா உன் அப்பாவைக் கொல்லவில்லை, இருவரையும் கொன்றது நான்தான் என்று சொல்கிறான். அடிதடி இல்லை, ஆனாலும் எனக்கு அந்தப் படத்தின் உச்சக்காட்சி அதுதான். கொலையாளி ஒருவன் தான் செய்ததை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் ஒன்றாவது கதையில் வேண்டும்.

சரி, என் தொழிலுக்கு வருகிறேன். அதே வரிசையில் மூன்றாவது படம், 2007-ல் வந்தது, படத்தொகுப்புக்கு ஆஸ்கர் வாங்கியது. கண் மூடித் திறப்பதற்குள் ஷாட் மாறும். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் வேகமாக வெட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் ஒரு ஷாட்டில் உங்கள் கண் எங்கே நிற்கிறதோ, அடுத்த ஷாட்டின் முக்கியமான அசைவும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எங்களிடம் வருவது வேறு மாதிரி. குத்து இடமிருந்து வலமாகப் போகும், அடுத்த ஷாட்டில் அடிவாங்கியவரின் தலை எதிர்ப்பக்கம் திரும்பும். நடிகருக்குப் பயிற்சி இல்லாததால் எந்த ஷாட்டும் ஒரு நொடிக்கு மேல் தாங்காது. டூப்பின் முகம் தெரிந்துவிடும். அதை மறைக்கத்தான் வெட்டுகிறோம், சத்தத்தைக் கூட்டுகிறோம்.

ஜான் விக் வரிசையை இயக்கும் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, 'மேட்ரிக்ஸ்' படத்தில், ஜான் விக்காக நடிக்கும் கீயனு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். ரீவ்ஸ் ஜூடோ, ஜுஜுட்சு, துப்பாக்கி சுடுதல் என்று பயிற்சி எடுத்தபின்பே கேமரா முன்னால் வந்தார். அதனால் கேமரா சற்றுத் தள்ளி நின்று முழு உடம்பையும் காட்ட முடிந்தது. ஒருவனைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோட்டா தீர்ந்ததும் காலி மேகசீனைக் கழற்றி வேறொன்றை மாட்டி, அப்புறம் சுடுகிறார். நான் விரும்பிப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். தோட்டா தீர்ந்துபோகும் உலகத்தில்தான் நாயகனும் தீர்ந்துபோகக்கூடும் என்ற பயம் வரும்.

துப்பாக்கி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1993-ல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். அந்தப் படத்தில் மீதியிருந்த காட்சிகளில் அவருக்குப் பதிலாக நடித்தவர்களில் ஸ்டாஹெல்ஸ்கியும் ஒருவர். 2021-ல் ஒளிப்பதிவாளர் ஹலைனா ஹட்சின்ஸ் இன்னொரு படப்பிடிப்பில் அதேபோல உயிரிழந்தார். துப்பாக்கி முனையின் தீப்பொறியையும் சத்தத்தையும் படப்பிடிப்புக்குப் பிறகு சேர்த்துவிடலாம், வெறும் பொம்மைத் துப்பாக்கியை வைத்தே. உண்மையான துப்பாக்கி இருந்தால்தான் காட்சி எடுபடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பாகத்து வில்லனைவிடப் பலசாலி தேவையில்லை, அடிக்க மனம் வராத ஓர் ஆள் போதும். 2023-ல் வந்த நான்காவது ஜான் விக்கில் டானி யென் பார்வையற்ற கொலையாளியாக வருகிறார். மகளைக் காப்பாற்றத் தன் பழைய நண்பன் ஜானையே வேட்டையாட வேண்டிய நிலை. அவர்கள் மோதும்போது யார் பக்கம் நிற்பதென்று நமக்கே தெரியாது.

இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறவர்கள் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். நாயகனுக்கு எந்தக் காட்சியில், உடம்பில் எந்த இடத்தில் அடிபடுகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஸ்டன்ட் மாஸ்டர், மேக்கப், உடை, எடிட்டிங் என்று எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இடது தோளில் குண்டு வாங்கியவர் அடுத்த சண்டையில் அதே கையால் ஆளைத் தூக்கி எறிவதை நான் எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறேன். மாஸ்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் வலது கையை மட்டும் வைத்து ஒரு சண்டை அமைத்திருப்பார். காயம் பட்டவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று பார்ப்பவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சண்டை முடிந்ததும் அவன் சுவரில் சாய்ந்து மூச்சுவாங்கும் சில நொடிகளையும் எடுத்துக் கொடுங்கள். நீளத்தைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் கைவைப்பது அதில்தான், ஆனால் எடுக்கவே இல்லையென்றால் அதைக் காப்பாற்ற எங்களாலும் முடியாது.