டோக்கோலிசிஸ் என்றால் வலி மருந்தா?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மழை நாளில் ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். ஏழு மாதம். மூன்று நாளாகச் சளிக்காய்ச்சல், இருமல். விட்டுவிட்டு இடுப்பு வலி வேறு. சூட்டு வலி என்று நினைத்து வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் கருப்பை வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் கேஸ் ஷீட்டில் டோக்கோலிசிஸ் என்று எழுதினார்.

"வலி போறதுக்கு மருந்தா சிஸ்டர்?" என்று மாமியார் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

கிரேக்கத்தில் டோக்கோஸ் என்றால் பேறு, லைசிஸ் என்றால் தளர்த்துதல். சுருங்கிச் சுருங்கி விரியும் கருப்பையைத் தளர்த்துவதுதான் டோக்கோலிசிஸ். பேறுகாலத்தில் வலியைத் தூண்ட ஏற்றும் ஆக்சிடோசினிலும் அதே டோக்கோஸ்தான் இருக்கிறது. முன்னால் நிற்கும் ஆக்சிஸ் விரைவைக் குறிக்கும். விரட்டும் மருந்துக்கும் இழுத்துப் பிடிக்கும் மருந்துக்கும் வேர் ஒன்றே.

தமிழில் 'பேற்றுவலி தணிப்பு' என்றால் மாமியார் கேட்ட அதே குழப்பம் வரும். 'பேறு தடுப்பு' என்றால் குடும்பக் கட்டுப்பாடு போல ஒலிக்கிறது. 'பேறு தள்ளிவைப்பு' என்பதே சரி என்பேன், ஏனென்றால் மருந்து செய்வது அவ்வளவுதான். பெரும்பாலும் 48 மணி நேரம் கிடைக்கும். அதற்குள் குழந்தையின் நுரையீரல் முதிர டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவையாக நான்கு ஊசி போட்டுவிடலாம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள இடத்துக்கு மலைப்பாதையில் இறங்கியும் விடலாம்.

வைரஸ் நெஞ்சில் இறங்கியிருந்தால் கருப்பையைத் தளர்த்த எந்த மருந்து என்பதில் கவனம் வேண்டும். டெர்பியூட்டலின், ஐசாக்ஸுப்ரின் வகை மருந்துகள் இதயத்தைப் படபடக்க வைக்கும், நுரையீரலில் நீர் கோக்கவும் வைக்கலாம். ஏற்கெனவே இருமுகிறவளுக்கு அது ஆபத்து. அதனால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே நிஃபெடிபின் மாத்திரை கொடுப்பதுண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்க்க வேண்டும், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். இன்ஃப்ளூயன்சா சந்தேகம் இருந்தால் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த வைரஸுக்கான மருந்தான ஓசல்டாமிவிரை நிறுத்தி வைக்கக் கூடாது. தாய்க்கே மூச்சு முட்டினால் தள்ளிவைக்கிற பேச்சே இல்லை, முதலில் அவள் உயிர்.

அப்புறம் மாமியாரிடம் சொன்னேன்: "வலி கொஞ்சம் இருக்கும்மா. பிள்ளை வெளிய வர்றதை ரெண்டு நாள் தள்ளிவைக்கத்தான் இந்த மாத்திரை."

"அதுக்குள்ள கீழ போயிடலாம்ல?" என்றபடி மருமகளுக்கு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட ஆரம்பித்தார்.